எங்கே போகப் போறே?

உங்களிடம் ஒரு கேள்வி. ஒரு ஜீப் விலைக்கு வருகிறது. வயது முப்பதுக்கு மேல். எஞ்சின் அவுட். ரிப்பேர் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, எஞ்சினையே மாற்றவேண்டும் என்கிறார்கள். விலை ஒன்றே முக்கால் லட்சம். வாங்குவீர்களா?

‘எனக்கென்ன கிறுக்கா?’ என்று கேட்டு இந்தப் பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். உங்களுக்கு ஜீப்பில் ஆசை இல்லாமல் இருக்கலாம். ஆனால், வீட்டுப் பரணில் ஓடாத டேப் ரெக்கார்டர் இருக்கும். பெல்ட் அறுந்த தையல் மிஷின் இருக்கும். தூக்கிப் போடவும் மனசில்லாமல், சரி பண்ணவும் மனசில்லாமல் வைத்திருப்பீர்கள். பழசுக்கு எவ்வளவு செலவு செய்யலாம், எதற்காகச் செய்யலாம்? கேள்வி அதுதான். இதற்குப் பதில் சொல்லாமல் யாரும் ஆயுசைக் கழிக்க முடியாது. நான் பதில் சொல்லப் போய் கொஞ்சம் அவமானப்பட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஜீப் நின்றது போடிநாயக்கனூரில். 1991 மாடல் மஹிந்திரா எம்.எம். 540. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் தினமும் ஏறி இறங்கிய வண்டி. சொந்தக்காரருக்கு எழுபத்திரண்டு வயது. அவரே ஓட்டியவர். கண்புரை வந்தபிறகு நிறுத்திவிட்டார். வண்டியும் அவரும் ஒரே வேப்பமரத்தடியில் ரிட்டயர் ஆகி உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் நல்ல மனுஷர். நான் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டார்.

“தம்பி, மொதல்லயே சொல்லிர்றேன். எஞ்சின் பிளாக்குல விரிசல் விட்ருச்சு. ஆயில்ல தண்ணி கலந்து மோர் மாதிரி வருது. வெல்டிங் வச்சாலும் நிக்காது. வாங்கிட்டுப் போயி என்னையத் திட்டக்கூடாது.”

விற்பவர் குறையை முதலில் சொன்னால் வாங்குபவனுக்கு என்ன ஆகும் தெரியுமா? குறை மறந்துபோகும், ஆள் பிடித்துப்போகும். எனக்கும் அதுவே நடந்தது.

கூட வந்த மெக்கானிக் கீழே படுத்து, சேஸிஸைச் சுத்தியால் தட்டித் தட்டிப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “எலும்பு நல்லா இருக்குண்ணே. நெஞ்சுதான் போச்சு” என்றார். இந்த வண்டிக்கு வந்த எஞ்சின், பிரான்ஸ் நாட்டு பூஷோ கம்பெனியின் வடிவமைப்பை லைசென்ஸ் வாங்கி இங்கே செய்த டீசல் எஞ்சின். 62 குதிரை சக்தி. அதே எஞ்சினைப் பழைய சாமான் மார்க்கெட்டில் தேடிப் பிடித்து மாட்டலாம். அளவு ஒத்துப்போகும், வேலை குறைவு. ஆனால், அதன் பூர்வோத்திரம் யாருக்கும் தெரியாது. பிற்பாடு வந்த டி.ஐ. எஞ்சினையும் உட்கார வைக்கலாம். ஸ்பேர் சுலபமாகக் கிடைக்கும். ஆனால், மவுண்டிங் மாற்றி, அதை மாற்றி, இதை மாற்றி...

டைரியில் கணக்குப் போட்டேன். வண்டி 1,75,000. எஞ்சின் 80,000. கூலி, கிளட்ச், ரேடியேட்டர் 30,000. ஸ்டெப்னியோடு ஐந்து டயர் 35,000. டிங்கரிங், பெயின்ட் 60,000. ஆர்.சி. புதுப்பிப்பது, இன்ஷூரன்ஸ், இதர வகையறா 20,000. மொத்தம் நாலு லட்சம். எல்லாம் செய்து முடித்தபிறகு விற்றால் எவ்வளவு போகும் என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். “மூணுக்குக் கேப்பாங்க” என்றார். அதாவது, ஒரு லட்சத்தைக் கண்ணெதிரே கொளுத்துவதற்கு நான் மூன்று மாதம் அலையவேண்டும்.

கணக்குப்படி கேஸ் அன்றைக்கே குளோஸ். ஆனால், நான் என்ன செய்தேன் தெரியுமா? ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏன்? அதற்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அப்பா ஒரு அரசுத் துறையில் முப்பத்தோரு வருஷம் ஜீப் டிரைவர். சில நாள் ராத்திரி கேம்ப் முடிந்து லேட்டாகிவிட்டால் ஜீப் எங்கள் தெருவில் நிற்கும். தெருப் பையன்கள் எல்லாம் சுற்றி நிற்போம். ‘ஏறி உக்காந்துக்கறேன்ப்பா, ஒரு தடவை’ என்று கெஞ்சுவேன். “இது கவர்மென்ட் வண்டிடா. நம்முது இல்ல” என்பார். அவ்வளவுதான். காலையில் சக்கரத்தைக் கழுவ மட்டும் அனுமதி உண்டு. கழுவுவேன். ஒரே ஒரு நாள்கூட உள்ளே உட்கார்ந்ததில்லை.

ஐம்பத்தி நாலு வயதில் நான் போடியில் வாங்கப் போனது ஜீப்பையா, அந்த சீட்டையா? நீங்களே சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், “ஏங்க, அதுல எஞ்சினை மாத்திட்டா அது அந்த ஜீப்பா, வேற ஜீப்பா?”

சும்மா கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால், பெரிய பெரிய ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது. கிரேக்க வீரன் தீசியஸின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் ஞாபகார்த்தமாக வைத்திருந்தார்களாம். மரப்பலகை உளுத்துப்போகப் போக, ஒவ்வொன்றாகப் புதுப்பலகை போட்டுக்கொண்டே வந்தார்கள். எல்லாப் பலகையும் மாறியபிறகு அது தீசியஸின் கப்பல்தானா? சுமார் 1,900 வருஷத்துக்கு முன்னால் புளூடார்க் இதை எழுதி வைத்துவிட்டுப் போனார். 1655-இல் தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயர் சும்மா இருக்காமல், ‘கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருத்தன் பொறுக்கி இன்னொரு கப்பல் கட்டினால் எது ஒரிஜினல்?’ என்று கேட்டு மேலும் குழப்பிவிட்டார். அவருக்கு நம் ஊர் பழைய இரும்புக் கடைகள் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டார்.

நம் பக்கத்துக் கதை இன்னும் அழகு. மிலிந்தர் என்ற மினாந்தர் ராஜா, நாகசேனர் என்ற புத்த பிக்குவிடம் வாதம் செய்யப் போகிறார். பாலி மொழி நூலான ‘மிலிந்த பன்ஹா’வில் வருகிறது. ‘எதில் வந்தீர்கள்?’ என்கிறார் பிக்கு. தேரில். ‘அச்சு தேரா? இல்லை. சக்கரம் தேரா? இல்லை. நுகத்தடி தேரா? அதுவும் இல்லை. அப்படியானால் தேர் எங்கே?’ ராஜா திணறுகிறார். எல்லாம் ஒன்றுசேர்ந்த நிலைக்கு நாம் வைத்த பெயர்தான் தேர். தனியாக உள்ளே ஒளிந்திருக்கும் ‘தேர்த்தன்மை’ என்று ஒன்று கிடையாது. மனுஷனும் அப்படித்தான் என்று முடிக்கிறார் நாகசேனர்.

திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். பழைய தேர் போன நூற்றாண்டில் எரிந்துபோனது. இப்போது ஓடுவது அதற்குப் பிறகு செய்தது. அதற்கு திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் வேறு. ஆனால், வடம் பிடிக்கிற ஒருத்தராவது ‘இது ஒரிஜினல் இல்லையே’ என்று கையை எடுக்கிறாரா? அது போகிற வீதி அதே வீதி. இழுக்கிற ஊர் அதே ஊர். அதனால் அது ஆழித்தேர்தான்.

ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு நம்பர் இருக்கும். எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர். முறைப்படி தெரிவித்து, அனுமதி வாங்கி, எஞ்சின் நம்பரை மாற்றிப் பதிந்துகொள்ள மோட்டார் வாகனச் சட்டத்தில் வழி இருக்கிறது. சேஸிஸ் நம்பர் தேய்ந்தோ அழிந்தோ போயிருந்தால் உங்கள் பாடு திண்டாட்டம். ஆக, சட்டப்படி ஆத்மா இருப்பது சேஸிஸில். (நிஜமாகவே பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு: முதலில் இந்த இரண்டு நம்பரையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். பதினைந்து வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது வயது தாண்டியதற்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். இதைப் பேரத்தில் சேர்க்க மறக்காதீர்கள்.)

அதனால் எஞ்சின் மாறினாலும் ஜீப் அதே ஜீப்தான் என்று மனைவியிடம் பெருமையாகத் தீர்ப்புச் சொன்னேன். “ரொம்ப சந்தோஷம்” என்று உள்ளே போய்விட்டாள்.

அட்வான்ஸ் கொடுத்தபிறகு என் புத்தி போன போக்கைக் கவனியுங்கள். அதுவரை குறையாகத் தெரிந்ததெல்லாம் நிறையாக மாறிவிட்டது. பவர் ஸ்டியரிங் இல்லையா? கைக்கு நல்ல எக்சர்சைஸ். ஏ.சி. இல்லையா? இயற்கைக் காற்று. சென்னையில் ஜீப் எதற்கா? 2015 வெள்ளம் ஞாபகம் இல்லையா? 2023 டிசம்பரில் தெருவில் தண்ணீர் நிற்கவில்லையா? எட்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்காக நாலு லட்சம் செலவழிக்கத் தயாராகிவிட்டேன்.

பொருளாதாரக்காரர்கள் இதற்கு ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். போட்ட பணம் போனதுதான். இனி போடப் போகிற பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டும் பார்க்கவேண்டும். ஆனால், மனுஷ மனசு போட்டதைக் காப்பாற்ற மேலும் போடும். இங்கிலாந்தும் பிரான்ஸும் சேர்ந்து கட்டிய கான்கார்ட் விமானத்தை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். லாபம் வராது என்று தெரிந்தபிறகும், இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்று இரண்டு அரசாங்கங்களும் கொட்டிக்கொண்டே இருந்தன. 1976-இல் பயணிகளோடு பறக்க ஆரம்பித்து 2003-இல் ஓய்ந்தது. இரண்டு அரசாங்கங்களே மாட்டிக்கொள்ளும்போது ஐயாயிரம் ரூபாய்க்காரன் எம்மாத்திரம்?

பழைய வண்டியில் இது இன்னும் மோசம். எஞ்சின் மாற்றினால், ‘புது எஞ்சினுக்குப் பழைய கியர் பாக்ஸா?’ என்று தோன்றும். கியர் பாக்ஸை மாற்றினால் பிரேக் பல்லிளிக்கும். ஒவ்வொரு செலவும் அடுத்த செலவுக்கு சாட்சிக் கையெழுத்துப் போடும். அதனால், சுதந்திரமாக முடிவெடுக்கக்கூடிய நேரம் ஒன்றே ஒன்றுதான். முதல் ரூபாய் கொடுப்பதற்கு முந்தைய நிமிஷம்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன்.

அதே மாதத்தில் எங்கள் வீட்டில் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. கட்டிலிலிருந்து பாத்ரூம், பாத்ரூமிலிருந்து கட்டில். அதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு இடத்தில் நிற்பார். எலும்பு டாக்டர், ‘முட்டி மாற்று ஆபரேஷன் செய்யலாம், இதயமும் சர்க்கரையும் தாங்கும்’ என்று சொல்லிவிட்டார். இரண்டு முட்டிக்கும் சேர்த்து ஏறக்குறைய நாலு லட்சம். ஆமாம், அதே நாலு லட்சம். என்னிடம் ஃபிக்ஸட் டெபாசிட்டில் இருந்ததும் ஒரே நாலு லட்சம்தான்.

தங்கச்சி போனில் பேசினாள். “இந்த வயசுல எதுக்குண்ணே அறுத்துக்கிட்டு? வலிதான தாங்க மாட்டேங்கறாரு, மாத்திரை குடுப்போம். மிஞ்சிப்போனா இன்னும்...” என்று சொல்லவந்து நிறுத்திக்கொண்டாள். கெட்ட எண்ணம் இல்லை. பயம். நானும், ‘வாக்கர் வாங்கிக் கொடுத்தால் போச்சு’ என்றுதான் சொன்னேன்.

அன்று ராத்திரி டைரியைப் புரட்டினேன். இடது பக்கத்தில் ஜீப் கணக்கு. அதற்குக் கீழே, ‘பணம் என்ன பணம், ஒரு வாழ்க்கைதானே’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். வலது பக்கத்தில் அப்பாவின் முட்டிக் கணக்கு. அதற்குக் கீழே நான் எழுதியிருந்தது: ‘4,00,000. எத்தனை வருஷம்?’

இரண்டும் என் கையெழுத்து. இரண்டும் ஒரே பேனா.

எனக்கு முகம் சுட்டது. ஓடாத இரும்புக்கு சென்டிமென்ட். என்னைப் பெற்ற மனுஷருக்கு ரீசேல் வேல்யூ.

ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் 1785-இல் எழுதிய ஒரு நூலில், உலகத்தில் உள்ளதை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்றுக்கு விலை உண்டு. அதன் இடத்தில் அதே மதிப்புள்ள இன்னொன்றை வைத்துவிடலாம். இன்னொன்று விலைக்கு அப்பாற்பட்டது. அதன் இடத்தில் வைக்க வேறொன்று இல்லை. அதற்கு இருப்பது கண்ணியம். ஜீப் முதல் ரகம். மனுஷர் இரண்டாவது. படிக்கும்போது ‘இது தெரியாதா?’ என்று தோன்றும். ஆனால், நம் வீடுகளில் எத்தனை முறை இரண்டையும் இடம் மாற்றிப் போடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். காருக்கு ஒரு கீறல் விழுந்தால் பதறுகிறோம். பாட்டிக்குக் காது கேட்கும் மிஷின் என்றால், ‘அவங்க யார்கூடப் பேசப் போறாங்க?’ என்கிறோம்.

அதற்காக, வயதானவர்களுக்குக் கணக்கே பார்க்காமல் எல்லா ஆபரேஷனும் செய்துவிடு என்று சொல்லவரவில்லை. டாக்டர் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். உடம்பு தாங்குமா, வலிக்கு ஈடாக என்ன கிடைக்கும் என்று பார்க்காமல் கத்தி எடுப்பவர் டாக்டரே இல்லை. சில சமயம் ‘வேண்டாம்’ என்பதுதான் அன்பாகவும் இருக்கும். என் தப்பு கணக்குப் போட்டது இல்லை. சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் போட்டது. அவர் பக்கத்து ரூமில் படுத்திருந்தார். எங்கள் பேச்சு முழுக்க அவர் தலைக்கு மேலே நடந்தது. ஜீப்பை வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு நாங்கள் பேரம் பேசினோமே, அதே மாதிரி.

மறுநாள் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஜீப்பிலிருந்து ஆரம்பித்தேன். மாடல், சேஸிஸ், விரிசல் எல்லாம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பக்கத்துல குட்டி லீவர் இருக்குமே, ஃபோர் வீல் லோ, அது விழுதான்னு பாத்தியா?” என்று கேட்டார். அந்த லீவரைப் போட்டால் வேகம் குறைந்து இழுவை சுமார் இரண்டரை மடங்காகும், சேற்றிலும் ஏற்றத்திலும் வண்டி எருமை மாதிரி ஏறும் என்று கை அசைத்துக் காட்டினார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வாங்கிட்டு எங்கேடா போகப் போறே?”

எனக்குப் பதில் வரவில்லை. வேளச்சேரிக்கு என்றா சொல்வது? கொளுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் பாதையில் ஜீப்பைத் தவிர வேறொன்றும் போகாது. அங்கே அது ஆசை இல்லை, அரிசி பருப்பு மாதிரி தேவை. என் தெருவில் அது ஒரு போட்டோ. நான் போக நினைத்த இடம் நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை நேரம். அங்கே போக எந்த எஞ்சினும் போதாது.

“தெரியலப்பா” என்றேன். பிறகு தைரியம் வந்து, “உங்களுக்கு முட்டி மாத்தினா நீங்க எங்கேப்பா போவீங்க?” என்று கேட்டேன்.

ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. “முக்குல இருக்கற டீக்கடைக்கு. தெனமும்.” கொஞ்சம் பொறுத்து, “எஞ்சின் நல்லாத்தான்டா இருக்கு. டயர்தான் போச்சு. ஆனா, செலவுன்னு நீங்க பேசிக்கிட்டீங்க... அதான் நான் ஒண்ணும் கேக்கல” என்றார்.

கேட்டிருந்திருக்கிறார். எல்லாவற்றையும்.

அன்றைக்குச் சாயங்காலமே டெபாசிட்டை உடைத்தேன். போடிக்குப் போன் போட்டு, ஜீப் வேண்டாம், அட்வான்ஸை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். காரணத்தையும் சொன்னேன். “அப்பாவுக்குன்னா அந்தக் காசு எனக்கு எதுக்கு தம்பி?” என்று மறுநாளே ஐயாயிரத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார் அந்த மனுஷர்.

இப்போது உங்கள் முறை. பழைய வண்டி வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. போக இடம் இருந்து, நம்பகமான மெக்கானிக் இருந்து, அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறொருவர் காத்திருக்கவில்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். எஞ்சினை மாற்றுங்கள். நாகசேனரோ ஆர்.டி.ஓ.வோ தடுக்கமாட்டார்கள். பழசை ஓடவைப்பது ஒரு மரியாதையான காரியம்தான். ஆனால், முதல் ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொருளைப் பற்றியது என்றால் உங்களையே கேளுங்கள். மனுஷரைப் பற்றியது என்றால் அவரைக் கேளுங்கள். இந்த இரண்டையும் மாற்றிச் செய்துவிடாதீர்கள்.

எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சின்ன லீவர் கனவில் வருகிறது. நாலைந்து மாதம் கழித்துப் போடிக்காரர் போன் செய்தார். “வண்டி போயிருச்சு தம்பி. டி.ஐ. எஞ்சின் மாட்டி மலைக்கே கொண்டுபோயிட்டாங்க. ஏலக்கா மூட்டை ஏத்துது.” அவர் குரலில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த நிம்மதி.

அப்பாவிடம் சொன்னேன். “போகட்டும். அதுக்குப் போக இடம் இருக்கு” என்றார். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படி இறங்கினார்.

எங்கே என்று நான் கேட்கவில்லை.